அணுசக்தியில் ஓடும் கார்: நோட்டும் பேனாவும் எடுத்துக் கணக்குப் பார்ப்பது எப்படி?

“8 கிராம் தோரியம் போட்டால் கார் நூறு வருஷம் ஓடும், பெட்ரோல் பங்க் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம்” என்ற செய்தி 2011 வாக்கில் கிளம்பியது. இன்னும் வாட்ஸ்ஆப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கூடவே வரும் படம் பெரும்பாலும் 2009இல் வெளியான ஒரு கேடிலாக் காரின் கற்பனை வடிவம். படத்தில் இருப்பது தோற்றம் மட்டுமே. உள்ளே ஓடக்கூடிய உலை எதுவும் இல்லை.

இதைப் பார்த்ததும் “புருடா” என்று தள்ளிவிடுகிறவர்கள் ஒரு பக்கம், “எண்ணெய்க் கம்பெனிக்காரன் அமுக்கிவிட்டான்” என்று பொருமுகிறவர்கள் மறுபக்கம். இரண்டு பேருமே கணக்குப் போடவில்லை. போட்டால் வேடிக்கையான ஒன்று தெரியும்: அந்தச் செய்தியில் ஆற்றல் கணக்கு கிட்டத்தட்ட சரி. தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்கப் பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். அணுசக்தி கார், அணுசக்தி பைக், வைர பேட்டரி என்று இனி எது வந்தாலும் இதே முறையில் உரசிப் பார்க்கலாம்.

கையில் ஒரே ஒரு அளவுகோல் இருக்கட்டும்: யூனிட். மின்கட்டணக் கணக்கில் வரும் அதே யூனிட்தான். 1 கிலோவாட் சக்தி 1 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். பெட்ரோல், யுரேனியம், பேட்டரி எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முதலில், கார் எவ்வளவு கேட்கிறது?

நடுத்தர அளவு மின்சார கார் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.15 யூனிட் எடுக்கும். இதிலிருந்து மூன்று தனித்தனி எண்கள் எடுங்கள். மூன்றையும் ஒரே வரியில் எழுதாதீர்கள்.

சராசரித் தேவை: நாளுக்கு 40 கி.மீ. என்றால் 6 யூனிட். அதை 24 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் 250 வாட். மூன்று சீலிங் ஃபேன் ஓடும் சக்தி, அவ்வளவுதான்.

ஓட்டத் தேவை: நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. போனால் 15 கிலோவாட்.

உச்சத் தேவை: லாரியை முந்தும்போதும் மலைப்பாதை ஏறும்போதும் 60 முதல் 80 கிலோவாட்.

சராசரிக்கும் உச்சத்துக்கும் 300 மடங்கு இடைவெளி இருக்கிறது. இந்த மாதிரிச் செய்திகளின் கைவரிசையே இங்கேதான். சராசரியை ஈடுகட்டும் ஒரு பொருளைக் காட்டி, உச்சத்தையும் அதுவே தரும் என்று நம்பவைப்பார்கள்.

எந்த அணுசக்தி?

“அணுசக்தி” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று சரக்கு ஒளிந்திருக்கிறது. செய்தி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது: எந்தத் தனிமம், எந்த நிறை எண், எந்த வழியில் சக்தி?

ஒன்று, பிளவு. யுரேனியம்-235 போன்ற அணுக்கருவை நியூட்ரானால் பிளப்பது. மின் நிலையங்களில் நடப்பது. இரண்டாவது, கதிரியக்கச் சிதைவின் வெப்பம். புளூட்டோனியம்-238 தானாகச் சிதைந்து சூடாக இருக்கும், அந்தச் சூட்டை மின்சாரமாக்குவார்கள். விண்கலங்களில் இருப்பது இது. மூன்றாவது பீட்டா பேட்டரி. சிதைவில் வரும் எலக்ட்ரான்களை, சோலார் தகடு வெயிலைப் பிடிப்பதுபோல, ஒரு குறைக்கடத்தி பிடிக்கும்.

தோரியம் இந்த மூன்றிலும் நேரடியாகச் சேராது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். தோரியம்-232இன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு. அத்தனை மெதுவாகச் சிதைவதால், 8 கிராம் தானாக வெளிவிடும் வெப்பம் கால் மைக்ரோவாட்டைக்கூட எட்டாது. குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஓட அது போதாது. “லேசர் அடித்துச் சூடாக்குவோம்” என்பதும் எடுபடாது. லேசர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் 1 முதல் 3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). தோரியம் அணுக்கருவைப் பிளக்க வேண்டியது சுமார் 60 லட்சம். லேசர் தோரியத்தைச் சூடாக்கும், உண்மைதான். அந்தச் சூடு லேசருக்கு நீங்கள் கொடுத்த கரண்டிலிருந்து வந்தது.

தோரியத்துக்கு ஒரு வழி உண்டு. வெளியிலிருந்து நியூட்ரான் கொடுத்தால் அதை விழுங்கித் தோரியம்-233 ஆகும், பிறகு புரோட்டாக்டினியம்-233, கடைசியில் யுரேனியம்-233. நடுவில் உள்ள புரோட்டாக்டினியத்தின் அரை ஆயுள் 27 நாள். அந்த யுரேனியம்-233 பிளவுபடும். நியூட்ரான் கொடுக்க ஏற்கெனவே எரியும் ஓர் உலை வேண்டும். பச்சை விறகைக் காயவைக்க எரியும் அடுப்பு வேண்டும் என்பதுபோல.

ஆற்றல் கணக்கு: இங்கே ஆசை நியாயமானது

1 கிராம் யுரேனியம்-235 முழுக்கப் பிளந்தால் சுமார் 22,800 யூனிட் வெப்பம். எத்தனால் கலக்காத பெட்ரோல் 1 லிட்டரில் 9.5 யூனிட். வகுத்தால் 2,400 லிட்டர். ஒரு கிராமுக்கு 2,400 லிட்டர் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

8 கிராமைப் பார்ப்போம். யுரேனியமாக மாற்றிய பின் முழுக்கப் பிளந்தால் ஏறக்குறைய 1,80,000 யூனிட் வெப்பம். அதில் கால் பங்கு சக்கரத்துக்குப் போனால் 45,000 யூனிட். 0.15ஆல் வகுத்தால் 3 லட்சம் கி.மீ. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 25 வருஷம். நூறு இல்லாவிட்டாலும் காரின் ஆயுளுக்குக் குறைவில்லை. அதனால்தான் செய்தி அரைகுறையாகப் படித்தவரையும் மடக்கிவிடுகிறது.

சிக்கல், எரியும் அளவுக்கும் இருந்தாக வேண்டிய அளவுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆரம்பிக்கிறது. ஒரு பிளவில் வரும் நியூட்ரான்களில் ஒன்றாவது அடுத்த அணுவைப் பிளந்தால்தான் சங்கிலி தொடரும். எரிபொருள் குறைவாக இருந்தால் நியூட்ரான்கள் வெளியே ஓடிவிடும், உலை பற்றவே பற்றாது. வெறும் யுரேனியம்-235 உலோக உருண்டை என்றால் சுமார் 50 கிலோ வேண்டும். சுற்றித் தண்ணீரும் நியூட்ரானைத் திருப்பியனுப்பும் உறையும் வைத்தால் 1 கிலோவுக்குள் இறக்கலாம்.

இதற்குக் கண் முன்னே இருக்கும் உதாரணம் கல்பாக்கத்தில் உள்ள காமினி. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இந்த ஆய்வு உலை 1996 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. தோரியத்திலிருந்து எடுத்த யுரேனியம்-233தான் எரிபொருள். சக்தி 30 கிலோவாட் வெப்பம். கால் பங்கை மின்சாரமாக்கினால் 7.5 கிலோவாட், சுமார் 10 குதிரைத்திறன். ஊருக்குள் ஓடும் சின்ன காருக்குச் சரியாக இருக்கும். முழுச் சக்தியில் ஒரு நாள் ஓடினால் அது எரிப்பது ஒரு கிராமில் முப்பதில் ஒரு பங்கு. ஆனால் பற்றவைக்க உள்ளே இருக்க வேண்டியது சுமார் 600 கிராம். சுற்றிலும் பெரிலியம் ஆக்சைடு, அதைச் சுற்றித் தண்ணீர்த் தொட்டி, அதையும் சுற்றிக் கான்கிரீட். எரிபொருளைக் கைப்பையில் அடக்கிவிடலாம். உலையை ஒரு கட்டடத்தில்தான் வைக்க முடிந்திருக்கிறது.

ஈயக் கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். அணுசக்தி காரை உண்மையில் கொல்வது கதிர்வீச்சுக் கவசத்தின் எடை.

15 கிலோவாட் ஓட்டத் தேவை, நான்கில் ஒரு பங்கு மாற்றம் என்றால் உலை 60 கிலோவாட் வெப்பம் தர வேண்டும். கவசமே இல்லாமல் அதிலிருந்து 1 மீட்டரில் நின்றால் காமா கதிர்வீச்சு மட்டும் மணிக்கு 1,000 சீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்ற வரிசையில் இருக்கும். இது தோராயம், உலையின் அமைப்பைப் பொறுத்துச் சில மடங்கு கூடலாம், குறையலாம். விடை அதனால் பெரிதாக மாறாது, ஏன் என்று கீழே தெரியும். 4 முதல் 5 சீவர்ட் உடம்பு முழுக்கப் பட்டால், சிகிச்சை கிடைக்காதவர்களில் பாதிப் பேர் பிழைப்பதில்லை. பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்போ ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். வருஷத்துக்கு 500 மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்றால் மணிக்கு 2 மைக்ரோசீவர்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஆக, கதிர்வீச்சைச் சுமார் 100 கோடியில் ஒரு பங்காகக் குறைத்தாக வேண்டும். ஒன்பது சுழியம்.

பிளவில் வரும் காமா கதிரைப் பத்தில் ஒரு பங்காக்கச் சுமார் 5 செ.மீ. ஈயம் வேண்டும், கான்கிரீட் என்றால் 25 முதல் 30 செ.மீ. ஒன்பது சுழியத்துக்கு ஒன்பது அடுக்கு, அதாவது 45 செ.மீ. ஈயம். இனி எடை:

1. உலையின் உள்ளகத்தை 25 செ.மீ. ஆரமுள்ள உருண்டை என்று வையுங்கள். சமையல் எரிவாயு சிலிண்டரைவிடக் கொஞ்சம் பருமன்.
2. ஈயத்தோடு சேர்த்து ஆரம் 70 செ.மீ.
3. ஈயத்தின் கனஅளவு: 4.19 × (0.70³ − 0.25³) = 1.37 கன மீட்டர்.
4. ஈயத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 11.34 டன். பெருக்கினால் 15.6 டன்.
5. நியூட்ரானை ஈயம் சரியாக நிறுத்தாது. அதற்கு ஹைட்ரஜன் நிறைந்த பொருள் வேண்டும்: தண்ணீர், பாலிஎத்திலீன், போரான் கலந்த பிளாஸ்டிக். குறைந்தது 50 செ.மீ. வைத்தால் இன்னொரு 5.8 டன்.

மொத்தம் 21 டன்னுக்கு மேல். உருண்டையின் விட்டம் 2.4 மீட்டர்; நடுத்தர காரின் அகலமே 1.8 மீட்டர்தான். இதுவும் கைக்கு அடக்கமான கணக்கு. நியூட்ரானுக்கு உண்மையில் ஒரு மீட்டர் கேட்பார்கள், எடை இன்னும் ஏறும்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். உலையின் சக்தியைப் பத்து மடங்கு கூட்டி 600 கிலோவாட் ஆக்கினால் ஈயம் எவ்வளவு கூடும்? ஒரே ஓர் அடுக்கு, 5 செ.மீ. எடை 15.6 டன்னிலிருந்து 19.3 டன்தான். பத்தில் ஒரு பங்காகக் குறைத்து ஸ்கூட்டர் அளவுக்குக் கொண்டுவந்தால்? அப்போதும் 12.3 டன். சக்தியைக் குறைத்தாலும் கவசம் குறைய மறுக்கிறது. பெட்ரோல் இன்ஜினைச் சின்னதாக்கலாம், மின் மோட்டாரைச் சின்னதாக்கலாம். உலைக்கு அந்த வழி அடைத்திருக்கிறது. நாட்டிலஸ் நீர்மூழ்கி 1955இலேயே அணுசக்தியில் கிளம்பிவிட்டது, ரஷ்யாவின் பனி உடைக்கும் கப்பல்கள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன, கார் மட்டும் ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் இதுதான். ஆயிரக்கணக்கான டன் கப்பலுக்குச் சில நூறு டன் கவசம் பொருட்டே இல்லை.

இடையில் முயன்றவற்றைப் பார்த்தாலும் இதே கதை. 1954இல் அமெரிக்காவில் திட்டமிட்ட எக்ஸ்-12 அணு ரயில் இன்ஜினின் எடை 360 டன். அதில் 200 டன் கவசம். காகிதத்தோடு நின்றது. அமெரிக்க ராணுவம் 1960களில் சோதித்த எம்.எல்-1 நடமாடும் உலை சுமார் 38 டன், 1965இல் கைவிட்டார்கள். சோவியத் ஒன்றியத்தின் டி.இ.எஸ்-3 என்ற நடமாடும் அணுமின் நிலையம் டாங்கி அடிச்சட்டம் போட்ட நான்கு வண்டிகளில் ஏறி ஓடியது.

“டிரைவர் பக்கம் மட்டும் கவசம் போதாதா?”

நல்ல கேள்வி. போடலாம், போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் என்.பி-36ஹெச் விமானம் 1955 முதல் 1957 வரை 1 மெகாவாட் உலையை ஏற்றிக்கொண்டு 47 முறை பறந்தது. உலை விமானத்தை ஓட்டவில்லை. கவசத்தைச் சோதிக்க மட்டும். விமானிகள் ஈயமும் ரப்பரும் பொதிந்த சுமார் 11 டன் அறைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். வானத்தில் பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் அது செல்லுபடியானது.

சாலையில் செய்தால்? பின்பக்கம் திறந்த 60 கிலோவாட் உலை சிக்னலில் நிற்கிறது என்று வையுங்கள். 2 மீட்டர் பின்னால் பைக்கில் ஒருவர். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்கு. அவருக்கு மணிக்கு 250 சீவர்ட். விளக்கு பச்சையாவதற்குள் 60 விநாடி. 250ஐ 60ஆல் வகுத்தால் 4 சீவர்ட்டுக்கு மேல். ஒரு சிகப்பு விளக்கு போதும். சிக்னலில் நிற்காமல் ஓடிவிட்டாலும் தப்ப முடியாது: உலையை அணைத்த பிறகும் பிளவுத் துணுக்குகள் (உடைந்த அணுக்களின் மிச்சம்) கதிர்வீசிக்கொண்டே இருக்கும். எனவே வீட்டு வாசலில் நிறுத்துவதும் ஆகாது.

ஃபோர்டு நியூக்ளியான் இந்தச் சிக்கலை நேர்மையாகவே ஒத்துக்கொண்ட வடிவம் என்று சொல்லலாம். 1958இல் காட்டிய அந்த மாதிரியில் உலைக் கூடு பின்னால், ஓட்டுநர் அறை முன் அச்சையும் தாண்டி மூக்கில். தூரத்தையே கவசமாக்கப் பார்த்தார்கள். ஒரு தடவை எரிபொருள் போட்டால் 5,000 மைல், அதாவது 8,000 கி.மீ. ஓடும், பிறகு பங்கில் போய் உலைக் கூட்டையே மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். செய்தது எட்டில் மூன்று பங்கு அளவுள்ள பொம்மை. அது இன்றும் மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலையும் கவசமும் எதிர்காலத்தில் இலேசாகிவிடும் என்ற நம்பிக்கையில் வரைந்தார்கள். உலை இலேசானது. காமா கதிரை நிறுத்தும் எடை இயற்கையின் கையில் இருக்கிறது, அது அசையவில்லை.

கவசம் கட்டுகிற இடத்திலும் ஒரு பொறி உண்டு. நியூட்ரான்கள் காற்றுபோலச் சந்துபொந்தில் பாயும். குளிரூட்டிக் குழாய், கட்டுப்பாட்டுத் தண்டு, ஒயர் போகும் ஓட்டை எல்லாமே வழிதான். நேர் ஓட்டை போடக் கூடாது, வளைத்துத்தான் போட வேண்டும். ஜப்பானின் முட்சு கப்பல் 1974 செப்டம்பரில் முதல் சோதனையிலேயே இப்படித்தான் மாட்டியது; உலைக்கும் கவசத்துக்கும் இடையிலிருந்த சந்து வழியாக நியூட்ரான் கசிந்தது, திரும்பிவரவிடாமல் மீனவர்கள் துறைமுகத்தை மறித்தார்கள். பல ஆயிரம் டன் கப்பலிலேயே இந்தப் பாடு. குண்டும் குழியுமான சாலையில் பத்து வருஷம் குலுங்கும் காரில் ஒவ்வோர் இணைப்பும் மி.மீ. கணக்கில் விலகும்.

குலுக்கலின் இன்னொரு விளைவு கட்டுப்பாடு. பிளவு நியூட்ரான்களில் மிகச் சிறிய பங்கு தாமதமாக வெளிவரும். அந்தத் தாமதம்தான் உலையை மனிதன் கட்டுப்படுத்த நேரம் தருகிறது. யுரேனியம்-235இல் அது சுமார் 0.65 சதவீதம். தோரியத்திலிருந்து வரும் யுரேனியம்-233இல் அதில் பாதிகூட இல்லை. கட்டுப்பாட்டுத் தண்டு ஒரு குழியில் சற்றே எகிறினாலும் அந்த அவகாசம் போய்விடலாம். தோரியக் கார் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

புளூட்டோனியம்: ஓடுகிற அணு கார்

அணுசக்தி கார் ஏற்கெனவே இருக்கிறது, செவ்வாயில். 2012இல் இறங்கிய கியூரியாசிட்டியும் 2021இல் இறங்கிய பெர்சிவரன்ஸும் புளூட்டோனியம்-238 வெப்பத்தில்தான் ஓடுகின்றன. இது எளிதில் தடுக்கக்கூடிய ஆல்ஃபா கதிர் வீசுவதால் டன் கணக்கில் ஈயம் வேண்டாம், பெரிய வசதி. கியூரியாசிட்டியில் 4.8 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு, 2,000 வாட் வெப்பம், அதிலிருந்து தொடக்கத்தில் 110 வாட் மின்சாரம், முழுக் கருவியும் 45 கிலோ. அந்த 110 வாட் நேராகச் சக்கரத்துக்குப் போவதில்லை. லித்தியம் பேட்டரியைச் சொட்டுச் சொட்டாக நிரப்புகிறது. வண்டியின் உச்ச வேகம் விநாடிக்குச் சுமார் 4 செ.மீ.

உங்கள் காருக்கு இதையே போடுங்கள். ஓட்டத் தேவை 15 கிலோவாட்டை நேரடியாகக் கேட்டால் இப்படி 136 கருவி, 6 டன், 650 கிலோ புளூட்டோனியம் ஆக்சைடு. ஆகாது. ஆனால் சராசரித் தேவை 250 வாட்தானே? அதற்கு 2.3 கருவி போதும். சுமார் 100 கிலோ எடை, 11 கிலோ ஆக்சைடு. பேட்டரியோடு சேர்த்தால் எடையளவில் காருக்குள் அடங்குகிறது. இத்தனை கணக்கிலும் தேறிய ஒரே வடிவம் இது.

பிறகு எங்கே இடிக்கிறது? முதலில் சரக்கு. அமெரிக்க எரிசக்தித் துறை வைத்திருக்கும் உற்பத்தி இலக்கே ஆண்டுக்கு 1.5 கிலோ, உங்கள் ஒரு காருக்கு ஏழு வருஷ உற்பத்தி போய்விடும். அடுத்தது சூடு. இதற்கு ஸ்விட்ச் கிடையாது. 11 கிலோ ஆக்சைடு இரவு பகலாக 4,600 வாட் வெப்பம் விடும். நாலைந்து இஸ்திரிப் பெட்டியை ஆன் பண்ணி, கதவடைத்த ஷெட்டுக்குள் விட்டுவிட்டு ஊருக்குப் போன மாதிரி. சித்திரை வெயிலில் அந்த ஷெட்டை நினைத்துப் பாருங்கள்.

பீட்டா பேட்டரி, வைர பேட்டரி

இதைச் சட்டென்று முடிக்கலாம். சீனாவின் பீட்டாவோல்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் அறிவித்த பி.வி.100 உண்மையான பொருள்: நிக்கல்-63, 50 ஆண்டு ஆயுள், 15 × 15 × 5 மி.மீ., சக்தி 100 மைக்ரோவாட். 15 கிலோவாட்டுக்கு 15 கோடி பேட்டரி. கனஅளவு 169 கன மீட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி பதினான்கு. கார்பன்-14 வைரம் இன்னும் மோசம்: ஒரு கிராம் வெளிவிடும் மொத்தச் சக்தியே 1.3 மில்லிவாட். ஒரு துளி வீணாகாமல் பிடித்தாலும் 15 கிலோவாட்டுக்கு 11 டன்னுக்கு மேல். இதயமுடுக்கிக்கும் உணர்கருவிக்கும் அருமையான சரக்கு, காருக்குச் சம்பந்தமில்லை. “50 வருஷம் சார்ஜே வேண்டாம்” என்று எங்கே பார்த்தாலும் வாட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

இடித்தால், மூழ்கினால், பழசானால்

அணுப் பொருள் ஏற்றும் உறுதியான பெட்டகங்களுக்கு உலகம் முழுக்க ஒரு சோதனை உண்டு: அசையாத தளத்தில் 9 மீட்டர் உயரத்திலிருந்து போடுவது, 15 செ.மீ. விட்டமுள்ள இரும்புக் கம்பியின் மேல் 1 மீட்டரிலிருந்து போடுவது, 800 டிகிரி நெருப்பில் 30 நிமிடம், பிறகு தண்ணீரில் அமிழ்த்துவது. 9 மீட்டர் வீழ்ச்சி என்றால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 48 கி.மீ. தேறிய லாரிப் பெட்டகங்கள் சுமார் 25 டன் இருக்கும், உள்ளே ஓடுகிற எந்திரம் எதுவும் இல்லை.

தண்ணீரில் விழுவது தனி ஆபத்து. தண்ணீர் நியூட்ரான்களை மெதுவாக்கித் திருப்பியனுப்பும். உலர்ந்த நிலைக்கென்று வடிவமைத்த உள்ளகம், ஏரிக்குள் கவிழ்ந்ததும் தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். இதைத் தடுக்கப் போரான் கார்பைடு தண்டை உள்ளே பூட்டிவைப்பார்கள். விபத்தில் அது இடம் மாறாது என்று உறுதி சொல்வதுதான் கடினம். அணைத்த உலையின் எஞ்சிய சூட்டைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். இந்த அளவில் அது பெரிய விஷயமே இல்லை: அணைத்த நொடியில் 60 கிலோவாட்டில் சுமார் 6 சதவீதம், ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோவாட்டுக்குள், மறுநாள் 300 வாட். காற்றே ஆற்றிவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை காயலான் கடை. எந்தக் காரும் கடைசியில் அங்கேதான் போகிறது. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம்-137 பழைய இரும்புக் கடைக்குப் போய் நான்கு பேர் இறந்தார்கள். 2001இல் ஜார்ஜியாவின் லியா கிராமத்தருகே விறகு வெட்டப் போனவர்கள், சுற்றிலும் பனி உருகிக் கிடந்த இரண்டு உருளைகளைக் குளிர்காய எடுத்துக்கொண்டார்கள். பழைய ஸ்ட்ரான்ஷியம்-90 மின்கருவிகளின் உள்ளகம். 2010இல் டெல்லி மாயாபுரியில் கோபால்ட்-60 கருவி ஏலத்தில் பழைய இரும்பாகப் போனதில் ஒருவர் உயிரிழந்தார். இவை எல்லாம் எண்ணிக்கையில் கொஞ்சமே இருந்த கருவிகள். கோடிக்கணக்கில் கார் என்றால்? மிகவும் செறிவூட்டிய யுரேனியத்தில் (யுரேனியம்-235இன் பங்கைக் கூட்டியது) யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ சேர்ந்தால் சர்வதேச அணுசக்தி முகமை அதை ஓர் ஆயுதத்துக்குப் போதுமான அளவாகக் கணக்கில் எடுக்கும். 2018இல் நாசா நெவாடாவில் சோதித்த சின்னஞ்சிறு விண்வெளி உலையிலேயே அந்த அளவுக்கு மேல் இருந்தது.

சரி, அணுசக்தியில் கார் ஓட்டவே முடியாதா?

முடியும். உலையைக் கான்கிரீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு மின்சாரத்தை மட்டும் காரில் ஏற்றுங்கள். கவசம் ஒரே இடத்தில், ஒரே தடவை கட்டுகிற செலவு. பத்து மடங்கு சக்திக்கு ஓர் அடுக்கு என்ற அதே விதி இங்கே உங்கள் பக்கம் நிற்கிறது.

கல்பாக்கத்தில் உள்ள கனநீர் உலைகள் இயற்கை யுரேனியத்தையே எரிப்பவை. 1 கிலோ யுரேனியத்திலிருந்து சுமார் 1,68,000 யூனிட் வெப்பம், அதில் ஏறத்தாழ 48,000 யூனிட் மின்சாரம். ஆலையின் சொந்தச் செலவு, கம்பியில் இழப்பு, சார்ஜரில் இழப்பு என்று 20 சதவீதம் கழியுங்கள், 38,400. 0.15ஆல் வகுத்தால் இரண்டரை லட்சம் கி.மீ. அந்த ஒரு கிலோ ஆக்சைடு வில்லையாக ஒரு சின்னக் காபி டம்ளருக்குள் அடங்கும். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு இதே தூரம் போக 17,000 லிட்டர் வேண்டும்.

கூடங்குளத்தில் ஓடும் இரண்டு உலைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 1,000 மெகாவாட். முழுச் சக்தியில் ஒரு நாள் ஓடினால் 2.4 கோடி யூனிட். அதே 20 சதவீதம் கழித்து 6 யூனிட்டால் வகுத்தால் தினம் 32 லட்சம் கார்.

அணு உலைக்கு இரவு பகல் ஒன்றுதான். ஊரே தூங்கும்போதும் அதே வேகத்தில் ஓட விரும்பும். எனவே காரை ராத்திரி 11 மணிக்கு மேல் சார்ஜ் போடுவது அந்த மின்சாரத்துக்குப் பொருத்தம். 40 கி.மீ. ஓட்டத்துக்குச் சார்ஜர் இழப்போடு 7 யூனிட் வரை வேண்டும், 3.3 கிலோவாட் சார்ஜர் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் போடாதீர்கள். தனி 15 ஆம்பியர் பிளக், அதற்கென்று தனி எம்.சி.பி., 2.5 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்புக் கம்பி (தூரம் அதிகமென்றால் 4), சரியான எர்த். பழைய வீடுகளில் பெரும்பாலும் தப்பு நடப்பது பிளக்கின் பித்தளைக் கவ்வி தளர்ந்திருப்பதால்தான். தளர்ந்த இடத்தில் தடை கூடி, மணிக்கணக்கில் 14 ஆம்பியர் ஓடும்போது பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். முதல் தடவை சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் பிளக்கின் முகப்பைத் தொட்டுப் பாருங்கள். இலேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கச் சொல்லும் சூடு என்றால் மெயினை அணைத்துவிட்டு சாக்கெட்டை மாற்றுங்கள்.